பழைய பவர் டில்லர் இன்ஜின்: பிரிச்சு வேலை செய்யலாமா, விட்டுடலாமா?

#1 கவுந்தப்பாடி_வயல்

வணக்கமுங்க. 13 எச்.பி. பவர் டில்லர் இன்ஜின். படுக்கைவாட்டு ஒத்தை சிலிண்டர், தண்ணி கூலிங், டைரக்ட் இன்ஜெக்சன் டீசல். போர் 95 மி.மீ., ஸ்ட்ரோக் 95 மி.மீ., 673 சி.சி., 2400 ஆர்.பி.எம். ஹேண்டில் ஸ்டார்ட். சேத்துழவு, மஞ்சக்காடு, டிரெய்லர்னு எல்லாத்துலயும் ஓடின வண்டி.

காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு ஆறேழு சுத்து வேணும். பிடிச்ச உடனே வெள்ளைப் புகை, ரெண்டு மூணு நிமிசத்துல கொறையுது. சூடான பொறகு பளு குடுத்தா நீலப் புகை. எட்டு மணி நேர உழவுக்கு 12 லிட்டர் டீசல் ஆகுது, ஆயில் 400 மி.லி. எறங்குது. ஆயில் ஊத்தற மூடியைத் தொறந்தா குபுகுபுன்னு புகை. ரோட்டவேட்டர் மண்ணுல எறங்கினா இழுவை பத்தலை. பளு வரும்போது அடியில இருந்து டொக் டொக்குன்னு ஒரு தட்டல்.

ஒரு மெக்கானிக் மொத்தமாப் பிரிச்சு செட் அடிச்சுரலாம்ங்கறார். இன்னொருத்தர் ரிங்கு மட்டும் மாத்தினாப் போதும்ங்கறார். ஆகஸ்ட் 15 வாக்குல கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டா சேத்துழவு ஆரம்பம். எட்டு வாரம் இருக்குது. எதை வெச்சு முடிவு பண்றதுங்க?

#2 கணபதி_லேத்

புகையை வெச்சு முடிவு பண்ணாதீங்க. புகை, சத்தம், இழுவை மூணும் மூணு தனித்தனிக் கோளாறா இருக்கலாம். ஸ்பேனர் போட்டுப் பிரிக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது அஞ்சு இருக்கு. ஒண்ணுக்கும் சாமான் செலவு கிடையாது.

முதல்ல டீகம்ப்ரஷன் லிவர், அதாவது ஹேண்டில் சுத்தும்போது வால்வைத் தூக்கிக் கம்ப்ரஷனை விடற லிவர். அது முழுசா விட்ட நிலையில ராக்கரைத் தொடாம கொஞ்சம் ஆட்டத்தோட நிக்கணும். ஆட்டம் இல்லைன்னா வால்வை மயிரிழை தூக்கியே வெச்சிருக்கும், கம்ப்ரஷன் அங்கேயே போயிரும். இதை ரிங்கு தேய்மானம்னு நெனச்சு இன்ஜினையே பிரிச்ச கதை பட்டறைகள்ல நெறைய உண்டு.

ரெண்டாவது டேப்பெட், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. இன்ஜின் ஆறின பொறகு, ஃப்ளைவீல்ல இருக்கற டி குறியைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்குக்குக் கொண்டு வாங்க. அப்ப ரெண்டு ராக்கரும் லூசா இருக்கணும். ஃபில்லர் கேஜ் விட்டுப் பாருங்க. இந்த அளவு இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் 0.20-ல இருந்து 0.30 மி.மீ.க்குள்ள குடுத்திருப்பாங்க. உங்க புத்தகத்துல என்ன இருக்கோ அதை வெய்யுங்க.

மூணாவது ஃப்ளைவீல் நட்டும் சாவியும் (ஃப்ளைவீலைக் கிராங்க்கோட பூட்டற துண்டு). நட்டு லூசாகி சாவி தேஞ்சா, பிக் எண்ட் (கனெக்டிங் ராடோட பெரிய முனை) பேரிங் போன மாதிரி அப்படியே தட்டும். காதுக்கு வித்தியாசமே தெரியாது. பூட்டுத் தகட்டை நிமித்தி நட்டை முடுக்கிப் பாருங்க. விளிம்பைப் பிடிச்சு ஆட்டினா துளி ஆட்டமும் இருக்கக் கூடாது.

நாலாவது வி பெல்ட். பவர் டில்லர்ல இன்ஜினோட இழுவை பெல்ட் வழியாத்தான் கிளட்சுக்குப் போகுது. ஒண்ணு ரெண்டு பெல்ட் நீண்டோ ஆயில்ல ஊறியோ போயிருந்தா இன்ஜின் நல்லா இருந்தாலும் ரோட்டவேட்டர் நிக்கும். பளு ஏறும்போது இன்ஜின் சத்தம் எறங்காம ரோட்டவேட்டர் மட்டும் எறங்கினா அது பெல்ட்தான். சைலன்சர்ல கரி அடைச்சிருக்கான்னு அப்படியே ஒரு பார்வை பாத்துக்குங்க.

அஞ்சாவது, காத்து விட்டுச் சோதனை. நாசிலைக் கழட்டி அந்த ஓட்டையில ஒரு அடாப்டர் மாட்டி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கோட உச்சத்துல (டி.டி.சி.) வெச்சு, கம்ப்ரசர்ல 5 கிலோ காத்து விடுங்க. ஃப்ளைவீலைக் கட்டை குடுத்து நிறுத்திக்குங்க, இல்லைன்னா சுத்தி அடிச்சுரும், கை எலும்பு போயிரும். இப்பக் காது குடுத்துக் கேளுங்க. சைலன்சர்ல இரைஞ்சா எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் கிளீனர்ல இரைஞ்சா இன்லெட் வால்வு. ஆயில் மூடியில வந்தா ரிங்கும் லைனரும் (பிஸ்டன் ஓடற சிலிண்டர் உறை). ரேடியேட்டர்ல கொப்புளம் வந்தா ஹெட் கேஸ்கட்டோ விரிசலோ.

ஹேண்டில் சுத்தி கம்ப்ரஷன் கேஜ் பாத்து, புத்தகத்து எண்ணோட ஒப்பிடறதுல பலன் இல்லை. கை சுத்தற வேகத்துல ரீடிங் எப்பவும் கம்மியாத்தான் காட்டும். சிலிண்டர்ல ஆயில் ஊத்திப் பாக்கற சோதனையும் இந்த இன்ஜினுக்குச் சரிவராது. சிலிண்டர் படுத்திருக்கறதால ஆயில் கீழ்ப்பக்கம் தேங்கிக்கும், ரிங்கைச் சுத்திப் பரவாது.

#3 ஆனைமலை_தோப்பு

நான் மாற்றுக் கருத்து சொல்றேனுங்க. பழசுல பணம் போடறதுக்கு முன்னாடி புதுசோட கணக்கையும் ஒருக்கா போட்டுப் பாருங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து உழவு இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துல இருந்து 5 ஆகியிருக்கு. வேளாண் பொறியியல் துறை மூலமா சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40 சதவீதம் மானியம் உண்டு, உச்சவரம்போட. உழவன் செயலியில பதியணும். சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்று தயாரா வெச்சுக்குங்க. ஒப்புதல் வர்றதுக்கு முன்னாடி வண்டி எடுத்துட்டா மானியம் கெடைக்காது.

புது வண்டின்னா சேத்துல பாதியில நிக்குமோங்கற பயம் இல்லை. தட்டற சத்தம் இருக்கற இன்ஜினை சீசன் நேரத்துல நம்பறது கஷ்டம். கனெக்டிங் ராடு ஒடைஞ்சு பிளாக்கைக் குத்திட்டா அப்புறம் விக்கறதுக்கும் இரும்பு விலைதான்.

#4 பெருந்துறை_டீசல்பம்ப்

காலைல வர்ற வெள்ளைப் புகை எரியாத டீசல். கம்ப்ரஷன் கம்மியா இருந்தாலும் வரும், நாசில் ஒழுகினாலும் வரும், டைமிங் பின்தங்கினாலும் வரும். அதனால அதை ரிங்கு கணக்குல சேத்தாதீங்க.

நாசிலை டெஸ்டர்ல போட்டுப் பாருங்க. புத்தகத்துல குடுத்த அழுத்தத்துல டுர்ருனு அதிர்ந்து பூப்போல அடிக்கணும். அந்த அழுத்தத்துக்கு 20 கிலோ கீழ நிறுத்திப் பத்து விநாடி வெச்சா முனையில சொட்டுக் கட்டக் கூடாது. டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்சன்) நாசில்ல நாலஞ்சு ஊசித் துளை இருக்கும். ஒண்ணு அடைச்சிருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் அடிச்சு பிஸ்டன் தலையைக் கரிக்கும். கை மட்டும் முன்னாடி வேண்டாமுங்க. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிரும், வெளிய பாத்தா சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா வெரலே போகற அளவுக்கு முத்திரும். பட்டுட்டா வலிக்கலைன்னு விடாம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

நாசில் கழட்டும்போது அடியில இருக்கற செம்பு வாசரைப் பாத்து எடுங்க. பழசு ஹெட்டுக்குள்ளயே ஒட்டியிருக்க, அதுக்கு மேல புதுசு போட்டா நாசில் ஒரு வாசர் உயரம் வெளிய தள்ளி நிக்கும். ஸ்ப்ரே பிஸ்டன் தலையில இருக்கற கிண்ணத்துல விழாது. கரும்புகை வரும், காரணம் கண்டுபிடிக்க மாட்டீங்க.

#5 கவுந்தப்பாடி_வயல்

எல்லாம் பாத்தாச்சுங்க.

டீகம்ப்ரஷன் லிவர்ல ஆட்டமே இல்லை. எக்ஸாஸ்ட் டேப்பெட் 0.05, இன்லெட் 0.15. ரெண்டையும் 0.25-க்கு வெச்சு லிவரையும் சரி பண்ணின பொறகு மூணு சுத்துல பிடிக்குது. பெல்ட்ல ஒண்ணு ஆயில்ல ஊறியிருந்துச்சு. செட்டா மாத்தி இழுத்துக் கட்டினதுல இழுவை பாதி திரும்பிருச்சு. நாசில் ஒழுகினது, முனை மாத்தியாச்சு. வெள்ளைப் புகை இப்ப இல்லை.

ஃப்ளைவீல் நட்டு கெட்டியா இருக்கு. தட்டல் அப்படியே இருக்கு. நீலப் புகையும் ஆயில் கொறையறதும் மாறலை. காத்து விட்டுப் பாத்ததுல ஆயில் மூடியில நல்ல இரைச்சல், சைலன்சர்ல லேசா. ரேடியேட்டர்ல கொப்புளம் இல்லை.

#6 கணபதி_லேத்

அப்ப வெளிவேலையில தீர்றது தீந்துருச்சு. மிச்சம் உள்ள இருக்கு. 12 லிட்டர் டீசலுக்கு 400 மி.லி. ஆயில்னா நூத்துக்கு மூணுக்கு மேல. பழைய இன்ஜின்ல நூத்துக்கு ஒண்ணு வரைக்கும் பொறுத்துக்கலாம், இது அதைத் தாண்டிருச்சு. பிரிக்கத்தான் வேணும். ஆனா பிரிக்கறது வேற, வேலை செய்யறதுன்னு முடிவு பண்றது வேற.

ஆயில் சூடா இருக்கும்போது எறக்கி ஒரு வெள்ளை வேட்டித் துணியில வடிகட்டுங்க. துணியை வெயில்ல சாய்ச்சுப் பாருங்க. காந்தத்துல ஒட்டற மின்னல் ரிங்கு, லைனர், கியர். ஒட்டாம வெள்ளி மாதிரி மினுக்கினா பேரிங் மேல்பூச்சு அல்லது பிஸ்டன். செம்பு நெறம் கண்ணுல பட்டா பேரிங்கோட அடிப்படலம் வரைக்கும் தேஞ்சிருச்சு, இல்லைன்னா சின்ன முனை புஷ் போயிருச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் கிராங்க் கேஸ் மூடியைக் கழட்டி, ராடோட பெரிய முனையைக் கையால பிடிச்சுத் தள்ளி இழுத்துப் பாருங்க. கிராங்க் நீளவாக்குல பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் நகரத்தான் வேணும், அது கோளாறு இல்லை. பிஸ்டன் போற வர்ற திசையில கைக்கு ஆட்டமே தெரியக் கூடாது. தெரிஞ்சா தட்டல் எங்கன்னு கண்டுபிடிச்சாச்சு.

ஒண்ணு முக்கியம். ஹெட் எறக்கறதுக்கு முன்னாடி உங்க மாடலுக்குக் கிராங்க், லைனர் கிட், அண்டர்சைஸ் பேரிங் (அரைச்ச கிராங்க்குக்குப் பொருந்தற சின்ன அளவு) கெடைக்குதான்னு கேட்டு வெச்சுக்குங்க. வி.எஸ்.டி. 1967-ல மிட்சுபிஷி கூட்டுல பெங்களூருல ஆரம்பிச்ச கம்பெனி, காம்கோ 1973-ல கேரளாவுல வந்தது. இந்த ரெண்டு வழி வண்டிகளும் நம்ம பக்கம் நெறைய ஓடறதால கோயம்புத்தூர்ல சாமான் கஷ்டம் இல்லை. இறக்குமதி இன்ஜின்னா கிராங்க் கெடைக்கறதுலதான் எல்லாம் நிக்கும். கடையில "95 போர் கிட்"னு மட்டும் கேக்காதீங்க. சீன எஸ்195 இன்ஜினும் 95 போர்தான், ஆனா ஸ்ட்ரோக் 115, பிஸ்டனே வேற. பழைய பிஸ்டனைக் கையில எடுத்துட்டுப் போய் பக்கத்துல வெச்சுப் பாத்து வாங்குங்க.

#7 கொடுமுடி_மஞ்சள்

அண்ணா, ரிங்கு மட்டும் மாத்தறதைப் பத்தி ஒரு வார்த்தை. செலவு கம்மிங்கறதால அதைத்தான் எல்லாரும் முதல்ல சொல்றாங்க. ஹெட்டைத் தூக்கின உடனே லைனர் வாய்ப்பக்கம் நகத்தை ஓட்டிப் பாருங்க. மேல் ரிங்கு போய்த் திரும்பற எடத்துல படி விழுந்து நகம் தட்டுச்சுன்னா ரிங்கு மட்டும் மாத்தற பேச்சே வேண்டாம். பழைய ரிங்கு மூலை மழுங்கி அந்தப் படிக்குப் பழகியிருக்கும். புது ரிங்கு மூலை கூரா இருக்கும், படியில மோதி ரிங்கு ஒடையும், இல்லைன்னா பிஸ்டன் காடி ஒடையும். ஒடைஞ்ச துண்டு லைனரைக் கீறினா கிட் செலவும் தலைமேல வரும்.

படி இல்லாம, தேய்மானம் 0.10-க்குள்ள இருந்தா மட்டும் ஹோனிங் கல்லு ஓட்டிக் குறுக்குக் கோடு போட்டு ரிங்கு மாத்தலாம்.

இன்னொண்ணு, ஏர் கிளீனர்ல இருந்து ஹெட் வரைக்கும் போற ரப்பர் ஹோசைக் கழட்டி உள்பக்கம் வெரல் விட்டுத் தடவிப் பாருங்க. செம்மண் தூசி வெரல்ல ஒட்டினா, இன்ஜினைக் கெடுத்தது அதுதான்.

#8 கவுந்தப்பாடி_வயல்

பிரிச்சாச்சுங்க. லேத்துல போர் கேஜ், மைக்ரோமீட்டர் வெச்சு எடுத்த அளவு:

லைனர், மேல் ரிங்கு திரும்பற எடம்: செங்குத்தா 95.24, கிடையா 95.19. நடுவுல 95.11. அடியில 95.03. நகம் நல்லாத் தட்டுது.

மேல் ரிங்கை லைனர் அடியில விட்டு எடுத்த இடைவெளி 1.1, மேல 1.7.

கிராங்க் பின் (ராடோட பெரிய முனை மாட்டற எடம்) ஓவல் 0.06, டேப்பர் 0.02. பேரிங் ஓட்டுல பாதிக்கு மேல செம்பு தெரியுது. மெயின் ஜர்னல்ல (கிராங்க் பிளாக்ல உக்காந்து சுத்தற எடம்) ஓவல் 0.01, கோடு இல்லை.

லைனர் வெளிப்பக்கம் ரெண்டு மி.மீ.க்கு வெள்ளைப் படிவம். ஓ ரிங்கு கெட்டியாகி வெடிச்சிருக்கு. ஏர் ஹோஸ்ல கிளாம்புக்கு அடியில அரை அங்குலத்துக்கு வெடிப்பு, வெரல் விட்டா செம்மண் தூசி. ஹெட்டை மண்ணெண்ணெயில ஊற வெச்சுத் தொடச்சு சாக்பீஸ் தூள் தூவினேன், ரெண்டு வால்வுக்கு நடுவுல கோடு எதுவும் எழும்பலை.

செய்யலாமா, விடலாமா?

#9 கணபதி_லேத்

செய்யலாம். காரணம் சொல்றேன்.

லைனர் போனதை வெச்சு யாரும் இன்ஜினைக் கைவிடத் தேவையில்லை. வெட் லைனர்னா, அதாவது வெளிப்பக்கம் நேரா தண்ணி படற லைனர்னா, அது மாத்தறதுக்குன்னே செஞ்ச சாமான். முடிவு சொல்றது கிராங்க்கும் பிளாக்கும் ஹெட்டும்தான். உங்க ஹெட்ல விரிசல் இல்லை. மெயின் ஜர்னல் நல்லா இருக்கு. பின் ஒண்ணுதான் ஓவல். 0.05 தாண்டினா அரைக்கணும், உங்களுது 0.06. பத்து தவு (ஒரு தவுன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது 0.25 மி.மீ. அரைச்சு அதுக்கேத்த அண்டர்சைஸ் பேரிங் போட்டாச் சரியாயிரும். முதல் அரைப்புதாங்கறதால இன்னொரு இருபது தவு வேலைக்கும் எடம் மிச்சம் இருக்கு.

இதே அளவுகள்ல, பின் ஏற்கெனவே இருபது தவு அரைச்சது, இல்லை ஹெட்ல நடுவுல விரிசல், இல்லை பிளாக்ல மெயின் பேரிங் கூடு தேஞ்சு பேரிங் சுத்தியிருக்குன்னு வந்திருந்தா, ஆனைமலைக்காரர் சொன்னதுதான் சரின்னு சொல்லியிருப்பேன். கிட்டும் போட்டு கிராங்க்கும் புதுசு வாங்கினா செலவு அதே நெலமையில ஓடற பழைய வண்டியோட சந்தை விலையில பாதியைத் தாண்டும். அங்க கோடு போட்டுக்கணும்.

தேய்மானம் நடந்த விதமும் உங்க பக்கம்தான் சாட்சி சொல்லுது. லைனர் மேல்பக்கம் கடுமையாத் தேஞ்சு அடி நல்லா இருந்தா, அது மேல இருந்து வந்த தூசி. ஹோஸ் வெடிப்பும் அதையே சொல்லுது. வறண்ட செம்மண்ணுல ரோட்டவேட்டர் ஓட்டும்போது இன்ஜின் அந்தப் புழுதிக்குள்ளயேதான் மூச்சு விடுது. லைனர்ல தேஞ்ச பொடி ஆயில்ல கலந்து பின் பேரிங்கையும் அரிச்சிருக்கு. அந்த அஞ்சாறு அங்குல ரப்பரை மாத்தாம இவ்வளவு வேலையும் செஞ்சா ஒரே சீசன்ல மறுபடி இங்கதான் வந்து நிப்பீங்க.

அரைக்கற எடத்துல ஒண்ணு சொல்லிருங்க: பின் ரெண்டு ஓரத்துலயும் இருக்கற வளைவு அப்படியே இருக்கணும். கல்லை நேர்மூலையா விட்டு அந்த வளைவை எடுத்துட்டா கிராங்க் அந்த மூலையிலதான் வெடிச்சு ஒடையும். அரைச்ச பொறகு ஆயில் துளையோட வாயை மழுக்கி, துளைக்குள்ள கம்பி பிரஷ் விட்டு, டீசலும் காத்தும் அடிச்சுக் கழுவணும். கல்லுத் தூள் உள்ள இருந்தா புதுப் பேரிங் பத்து மணி நேரம் தாங்காது.

#10 ஆனைமலை_தோப்பு

அளவைப் பாத்தா நானும் ஒத்துக்கறேன். ஹெட்டும் மெயின் ஜர்னலும் நல்லா இருக்கும்போது விடறது தப்புதான். ஆனா மானியத்துக்கு இப்பவே பதிஞ்சு வெய்யுங்க, முறை வர நாளாகும். பட்டறையில வேலை இழுத்துட்டா சேத்துழவுக்கு இ-வாடகையில அரசு இயந்திரம் பதியற வழியும் இருக்கு.

ஒரு கேள்வி, பின்னை எமரி போட்டுத் தேச்சு ஸ்டாண்டர்ட் பேரிங்கே போட்டா என்னங்க? தோப்புப் பக்கம் அப்படித்தான் செய்யறாங்க.

#11 கணபதி_லேத்

எமரி போட்டா கோடு போகும், ஓவல் போகாது. ஓவலான பின்ல வட்டப் பேரிங் போட்டா பிடிக்கற எடத்துல பிடிக்கும், லூசான எடத்துல ஆயில் அழுத்தம் போயிரும். ஒத்தை சிலிண்டர் டீசல்ல ஒவ்வொரு வெடிப்பும் அந்த ஒரே பின் மேலதான் விழுது. பேரிங் சுத்திக்கிச்சுன்னா ராடும் போச்சு. வேண்டாம்.

#12 கொடுமுடி_மஞ்சள்

படிவத்தைப் பத்தி: ரெண்டு மி.மீ. உப்புப் படிஞ்சா லைனர் சூடு தண்ணிக்குப் போகாது, ஆயில் கருகி ரிங்கு காடியில ஒட்டிக்கும். லைனர் வெளிய இருக்கும்போதே பிளாக் உள்பக்கம் கரண்டி, கம்பி பிரஷ் வெச்சுச் சுரண்டிருங்க. ஆசிட் ஊத்தாதீங்க, ஓ ரிங்கு உக்கார்ற எடம் அரிச்சுப் போயிரும். ரேடியேட்டரையும் எதிர்த் திசையில தண்ணி விட்டு அலசுங்க. அப்புறம் போர்த்தண்ணி ஊத்தவே வேண்டாம். நம்ம பக்கம் போர்த்தண்ணியில இருக்கற உப்புக்கு ஒரு வருசத்துல மறுபடி கட்டிக்கும். மழைத் தண்ணி பிடிச்சு வெச்சு அதுல கூலண்ட் கலந்து ஊத்துங்க. வாய்க்கால் தண்ணி போர்த்தண்ணிக்குத் தேவலை, ஆனா வண்டல் தெளிய விட்டு எடுக்கணும்.

ஓ ரிங்குக்கு கிரீஸ் தடவாதீங்க, ஊதிரும். சோப்புத் தண்ணி தடவி, முறுக்கு விழாமப் பாத்து, லைனரைக் கையால அமுக்கினாலே எறங்கணும். சுத்தியல் தேவைப்பட்டா காடியில துரு இருக்குன்னு அர்த்தம், எடுத்துச் சுத்தம் பண்ணுங்க.

#13 கணபதி_லேத்

பூட்டும்போது கவனிக்க வேண்டியது:

லைனர் உக்காந்த பொறகு பிளாக் முகத்துக்கு மேல 0.05-ல இருந்து 0.10 மி.மீ. தூக்கி நிக்கணும். நேர்க்கட்டை வெச்சு ஃபில்லர் கேஜ்ல பாருங்க. பள்ளமா எறங்கியிருந்தா ஹெட் கேஸ்கட் எவ்வளவு முடுக்கினாலும் நிக்காது.

புது ரிங்கை ஒவ்வொண்ணாப் புது லைனர்ல விட்டு, பிஸ்டன் தலையால நேராத் தள்ளி இடைவெளி பாருங்க. 95 போருக்கு 0.30-ல இருந்து 0.45 வரைக்கும் சரி. கம்மியா இருந்தா சூட்டுல முனை ரெண்டும் முட்டி லைனரைக் கீறும், மெல்லிசு அரம் போட்டு ஒரு முனையை மட்டும் சரி பண்ணுங்க. எழுத்து இருக்கற பக்கம் பிஸ்டன் தலையைப் பாத்து இருக்கணும். வாய்களைச் சுத்திவரப் பிரிச்சு வெய்யுங்க, எதுவும் கீழ்ப்பக்கம் வரக் கூடாது, ஆயில் அங்கதான் தேங்கும்.

லைனரைக் கழுவறது சுடுதண்ணியும் சோப்பும். மண்ணெண்ணெய் ஹோனிங் தூளை எடுக்காது, கோட்டுக்குள்ள ஒதுக்கி வெச்சுரும். வெள்ளைத் துணியில தொடச்சா துணி வெள்ளையா வர்ற வரைக்கும் கழுவி, உடனே ஆயில் பூசுங்க.

ராடு மூடியில இருக்கற எண் ராடு எண்ணோட ஒரே பக்கம் சேரணும். ராடு போல்ட்டு புதுசு போடுங்க. இழுபட்ட பழைய போல்ட்டை நம்பி பிளாக்கை எழந்துராதீங்க. புத்தகத்து டார்க், மூணு தவணையா. பேலன்சர் கியர் இருந்தா குறிக்குக் குறி சேத்துங்க. ஒரு பல்லு மாறினாலும் ஹேண்டில் பாரைக் கையில பிடிக்க முடியாத அதிர்வு வரும்.

ஹெட்டை வால்வு லேப்பிங் பண்ணின பொறகு கவுத்து வெச்சு வால்வு மேல டீசல் ஊத்துங்க. பத்து நிமிசம் ஆகியும் போர்ட் பக்கம் கசியக் கூடாது.

கடைசியா, ஹெட் முடுக்கறதுக்கு முன்னாடி பிஸ்டன் தலையில பிஸ்டன் பின் கோட்டுக்கு நேரா ரெண்டு பக்கமும் 1.5 மி.மீ. ஈயக் கம்பித் துண்டை கிரீஸ்ல ஒட்டி, கேஸ்கட் போட்டு முழு டார்க்ல முடுக்கி, மெதுவா ஒரு சுத்து சுத்தி எடுத்து மைக்ரோமீட்டர்ல பாருங்க. பிஸ்டன் உச்சத்துல இருக்கும்போது அதுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் புத்தகத்துல பம்பிங் (bumping) கிளியரன்ஸ்னு குடுத்திருப்பாங்க. இந்த வகை டி.ஐ. இன்ஜின்ல 0.7-ல இருந்து 1.0 வாக்குல வரும். இதைச் செய்யாம யாரும் பூட்டாதீங்க.

#14 பெருந்துறை_டீசல்பம்ப்

பம்ப் அடியில இருக்கற ஷிம்மைத் தொலைச்சுராதீங்க. 0.1 மி.மீ. ஷிம்முக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி டைமிங் மாறும். பூட்டின பொறகு ஹை பிரஷர் பைப்பைக் கழட்டி, ஆக்சிலேட்டரை ஓடற நிலையில வெச்சு, ஃப்ளைவீலை ஓடற திசையிலயே மெதுவாச் சுத்துங்க. பம்ப் வாயில டீசல் அசையற அந்த நொடி ஃப்ளைவீல்ல இன்ஜெக்சன் குறி சேரணும். முன்னாடியே அசைஞ்சா ஷிம் சேத்துங்க, லேட்டா அசைஞ்சா எடுங்க.

கவர்னர் கம்பி பம்ப் ராக்கோட சரியாச் சேந்திருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. சேரலைன்னா ஸ்டார்ட் ஆன உடனே வேகம் கட்டுக்கடங்காமப் போயிரும். முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் கிளீனர் குழாய் வாயை அடைக்க ஒரு பலகை பக்கத்துல இருக்கட்டும். பலகைதான், கை வேண்டாம்.

டீசல் விடாம, டீகம்ப்ரஷன் தூக்கி ஹேண்டில் சுத்தி ஆயில் இண்டிகேட்டர் எழும்பின பொறகுதான் ஸ்டார்ட். 15டபிள்யூ-40 டீசல் ஆயில். முதல் 25 மணி நேரம் பளு இல்லாம சும்மா ஐடிலிங்ல விடாதீங்க, ரிங்கு உக்காராம லைனர் கண்ணாடியாயிரும். காலி டிரெய்லர், அப்புறம் லேசான உழவுன்னு பாதிப் பளு குடுத்து, வேகத்தை மாத்தி மாத்தி ஓட்டுங்க. 25 மணியில ஆயில் மாத்தி, டேப்பெட் மறுபடி பாருங்க. ஆயில் பாத் ஏர் கிளீனரை வறண்ட உழவுல தினமும் தொறக்கணும். கிண்ணத்துல குறி வரைக்கும்தான் ஆயில், அதிகமா ஊத்தினா இன்ஜின் அதை உறிஞ்சிரும்.

#15 கவுந்தப்பாடி_வயல்

கிராங்க் பத்து தவு அரைச்சு வந்துருச்சு. லைனர் 0.07 தூக்கி நிக்குது. ரிங்கு இடைவெளி 0.38, 0.36, 0.34. ஈயக் கம்பி மட்டும் 0.54, 0.56 வருதுங்க. ஹெட் முகத்தை 0.15 லேத்துல எடுத்தாங்க, அதனாலயா? அப்படின்னா ரெண்டு கேஸ்கட் போட்டுரலாமா?

#16 கணபதி_லேத்

ஹெட் முகம் எடுத்ததால இது கொறையாது. முகம் எவ்வளவு எடுத்தாலும் அது கேஸ்கட் மேலதான் வந்து உக்காருது, பிஸ்டனுக்கும் அதுக்கும் உள்ள தூரம் மாறாது. அதுல மாறறது வால்வு எவ்வளவு உள்வாங்கி இருக்குங்கறது மட்டும், அதைத் தனியா ஒருக்கா அளந்துக்குங்க. ரெண்டு கேஸ்கட் வேண்டாம், நடுவுல ஊதிரும்.

பழைய பிஸ்டன், புது பிஸ்டன் ரெண்டுலயும் பிஸ்டன் பின் துளையோட மேல் விளிம்புல இருந்து தலை வரைக்கும் வெர்னியர்ல அளங்க.

#17 கவுந்தப்பாடி_வயல்

பழசு தலையில கரியை முழுசாச் சுரண்டிட்டு அளந்தேனுங்க. புதுசு 0.28 உசரம். கேஸ்கட் ரெண்டும் ஒரே கனம்தான். கடையில சொன்னதுக்கு "அதே மாடல்தான், அப்படியே பூட்டுங்க"ங்கறாங்க.

#18 கணபதி_லேத்

பூட்டாதீங்க. பளு ஏறிச் சூடாகி ராடு நீண்டு, பேரிங் இடைவெளியும் சேந்தா மிச்சம் இருக்கற தூரம் இன்னும் கொறையும். தலையில கரி கட்ட ஆரம்பிச்சா ஹெட்டைத் தட்டும். அந்தத் தட்டல் இப்ப சரி பண்ணின பேரிங் தட்டல் மாதிரியேதான் கேக்கும், மறுபடி கிராங்க்கைத்தான் சந்தேகப்படுவீங்க. பிஸ்டன் தலையை லேத்துல எடுக்கறதும் வேண்டாம், டி.ஐ. கிண்ணத்தோட ஆழமும் கம்ப்ரஷனும் மாறிரும்.

ரெண்டு பிஸ்டனையும் வெர்னியரையும் எடுத்துட்டுக் கடைக்கே போங்க. மேசை மேல பின் கோர்த்துப் பக்கத்துல நிறுத்தினா 0.28 கண்ணுக்கே தெரியும். கம்பெனி கிட்டா மாத்திக் கேளுங்க. பிஸ்டனை மட்டும் தனியா மாத்தாதீங்க. லைனரும் பிஸ்டனும் ஒரே பெட்டியில ஜோடியா வந்ததா இருக்கணும்.

#19 கவுந்தப்பாடி_வயல்

மாத்திக் குடுத்துட்டாங்க. புது கிட்ல லைனர் 0.06 தூக்கி நிக்குது, ரிங்கு 0.35, 0.35, 0.33. ஈயக் கம்பி 0.82, 0.84. வால்வு உள்வாங்கினது புத்தகத்து அளவுக்குள்ள இருக்கு. ஏர் ஹோசும் ரெண்டு கிளாம்பும் புதுசு. நாளைக்கு டைமிங் பாத்துட்டு ஆயில் எழும்பற வரைக்கும் சுத்தணும். பலகை எடுத்து வெச்சாச்சுங்க.